நரி வாத்தியாரின் சந்தேகம்

பென்சிலால் கிறுக்கிய ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. வெற்றிலைக் காவி பட்டு, நான்காக மடிந்து, ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் வந்த தாள். "பட்டப்பகல். நரி. தள்ளாட்டம். வாயில் நுரை, வெயிலாலோ? ஓடவில்லை. கிட்டே வந்தது. என் கையில் முள் கீறல், அதை நக்கிற்று. சந்தேகம். குன்னூர் போகலாமா?" அவ்வளவுதான். இதைத்தான் நான் அழகான தமிழாக்கினேன்.

எழுதியவரை ஊரார் நரி வாத்தியார் என்பார்கள். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பண்ணையக்காரரின் கடலைக்காட்டில் சாளை என்கிற குடிசை போட்டுக்கொண்டு, நரிகள் எங்கே குட்டி போடுகின்றன, எதைத் தின்கின்றன என்று மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் யுத்தத்துக்குச் சற்று முந்தைய காலம். நரிக்காக ஒரு மனிதன் உத்தியோகத்தை விடுவானா என்று சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய குறிப்புகளைப் புத்தகமாக்கும் பொறுப்பு, அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் ஒரு கட்டு வரும். நான் அவராக மாறி, "நான் கண்டேன்", "நான் கருதுகிறேன்" என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். அவர் படித்து ஒப்புக்கொண்டால் அது புத்தகத்துக்கு.

"எழுத்துல நீங்கதானுங்க வாத்தியாரு, நான் வெறும் காவக்காரன்" என்பார், சேலம் வரும்போதெல்லாம். அந்தப் பேச்சு என் தலைக்கேறிவிட்டது. ஆராய்ச்சியாளர் தயங்கக் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவர் "இருக்கலாம்" என்றால் நான் "இருக்கிறது" என்பேன். அவருடைய காய்ச்சல், கால்வலி, மனக்கலக்கம் எல்லாவற்றையும் களை மாதிரிப் பிடுங்கி எறிந்தேன்.

வெறிநாய் கடித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளக் குன்னூர் போவார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தாளைப் படித்தபோது ஒரு கணம் பேனா நின்றது. கடிக்கவில்லையே, நக்கத்தானே செய்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு எழுதினேன்: "அந்த நரி என்னைக் கண்டு அஞ்சவில்லை. மூன்றாண்டுப் பழக்கத்தால் அது என்னைத் தன் இனமாகவே ஏற்றுக்கொண்டது என்று கருதுகிறேன்." எழுதி முடித்து, எனக்கே என்னைப் பிடித்துப்போய், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினேன்.

பிரதி பிரமாதம் என்று பதில் வந்தது. குன்னூரைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறேழு வாரம் கழிந்திருக்கும். குறிப்புகளில் கையெழுத்து கோணத் தொடங்கியது. "கீறிய கை மரத்திருக்கிறது" என்று ஒரு வரி. அடித்தேன். "காற்று முகத்தில் பட்டால் தொண்டை இறுகுகிறது" என்று இன்னொன்று. நரியைப் பற்றி எழுதச் சொன்னால் இவர் தொண்டையைப் பற்றி எழுதுகிறாரே என்று அலுத்துக்கொண்டு அதையும் அடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் கட்டு வரவில்லை. உச்சிவெயிலில் பண்ணையக்காரரே அச்சகத்துக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, வாத்தியாரு எழுத்தைத் திருத்தறவரு நீங்கதானுங்களா? அவரு நேத்து வெடியக்காலைல போய்ச் சேந்துட்டாருங்க. மூணு நாளாத் தண்ணி குடிக்க மாட்டீன்னுட்டாரு. சொம்பைக் கண்டாலே தொண்டையைப் புடிச்சுக்கிட்டு ஒதறுனாருங்க. நாய் ஏதாச்சும் கடிச்சுதா சாமின்னு கேட்டேன். நரி நக்குச்சு, அது பழக்கத்துல நக்குனதுன்னாருங்க."

பழக்கம் என்ற அந்தச் சொல் அவருடையதல்ல, என்னுடையது.

"புத்தி தெளிஞ்சிருந்த நேரத்துல இதை எழுதி உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க" என்று மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கோபமாக ஒரு வார்த்தையாவது இருக்காதா என்று தேடிப் படித்தேன். இல்லை.

"அன்றைக்குப் பயந்துபோய்க் குன்னூருக்கு மூட்டை கட்டி வைத்திருந்தேன். அதற்குள் உங்கள் பிரதி வந்தது. நானா இவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறேன் என்று இரண்டு தடவை படித்தேன். பிறகு மூட்டையைப் பிரித்துவிட்டேன்."