வெள்ளப்பெட்டிக்கு ஏது நிறம்

அதுதான் அம்முணி, எதிர்வீட்டு மருமகள் வாசற்கதவுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டாள் என்று அவள் மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் வெள்ளையால் எங்கள் வீட்டிலும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

எமர்ஜென்சிக்கு முந்தின மழைக்காலம். மலையாள எல்லையில் இருக்கிற எங்கள் வடகரப்பதியில் கிணறு வறண்டுபோய், நாங்கள் சாந்தன்பாறைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் முதலாளியின் ஜீப்பை ஓட்டினார். முதலாளி காட்டுக்குள் தங்குவதற்கென்று ஒரு பழைய வண்டி வாங்கி வந்தார். ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற சின்ன வீடு அது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. ட்ரெய்லர் என்று பேர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் வாயிலும் அது நுழையவில்லை. டெய்லர் வண்டி என்றார்கள். ஒரு அம்மா ரவிக்கைத் துணியோடு வந்து நின்றது. தையல்காரர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார் என் வீட்டுக்காரர்.

அந்த மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் என் முதல் குழந்தை போனது. பேர் வைப்பதற்குள் போய்விட்டது. நான் அழவில்லை. சொன்ன வேலையைச் செய்வேன், வைத்ததில் பாதியைத் தின்பேன், கேட்டால் தலையாட்டுவேன். வாய் மட்டும் திறக்கவில்லை. மழையில் நின்றால் நனைவது தெரியும், குளிர் தெரியாது. அவருக்கோ வண்டியோடு காட்டுக்குப் போயாக வேண்டும். திரும்புவதற்குள் இவள் ஊமையாகிவிடுவாளோ என்று பயம்.

வண்டியின் உடம்புக்குச் சாம்பல் நிறம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கூரைமேல் இருப்பது யார் கண்ணில் படப்போகிறது, மிச்சம் கிடக்கிற பெயின்டை அடியுங்கள் என்றார். ஆனால் எங்கள் லயம் மேட்டில், ரோடு கீழே. எங்களுக்குத் தெரிவதே கூரைதான். பார்க்கப் போகிறவள் நீ, நீயே கலர் சொல் என்று என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். மேலே மூன்று சாமான்: காற்றுக்குத் திறக்கிற மூடி, தண்ணீர்ப் பெட்டி, அடுப்பின் புகைக்குழாய். மூடிக்குப் பச்சையைக் காட்டினார். தலையாட்டினேன்.

பெயின்டர் மலையாளத்துக்காரர். ஏணியிலிருந்து குனிந்து, "சேச்சி, வெள்ளப்பெட்டிக்கு ஏது நிறம் வேணம்?" என்று கேட்டார்.

வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். எங்கள் வடகரப்பதியில் பால் மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும். அன்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பெட்டிக்கு என்ன நிறம் என்று கேட்கிறாரே, இதென்ன கேள்வி என்றிருந்தது.

"வெள்ளப் பெட்டிக்கு வெள்ளதானுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். ஆசைப்பட்டு வாய் திறந்து வெள்ளை கேட்டுவிட்டாள் என்று அவருக்கு நினைப்பு. நான் எதற்கும் ஆசைப்படவில்லை அம்முணி. இல்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

சேதி லயத்திலிருந்த என் மாமியாருக்குப் போனது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள்.

"புருசன் ஓட்டற வண்டி தலைமேல வெள்ளையப் போத்தறாளா இவ?"

எங்கள் நாட்டில் கல்யாணப் பெண்ணுக்கே வெள்ளைதான் என்று பெயின்டர் சொல்லிப் பார்த்தார். முதலில் ஏணியை விட்டு இறங்கு, அப்புறம் பேசு என்றார்கள் மாமியார்.

"அவளா வாயத் தொறந்து கேட்டிருக்கறா. விடுங்கம்மா" என்றார் மகன்.

மாமியார் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்தக் கொழாய்க்குச் செவப்பு அடிக்கச் சொல்லு. பொட்டு வெச்சாப்புல இருக்கட்டும்."

வண்டி புறப்பட்டது. மேட்டில் நின்று பார்த்தேன். பெட்டி போனது, மூடி போனது, குழாய் போனது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை; விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகும் தலையாட்டல்தான். மழைக்கு அந்த ஊரில் ஓய்வே கிடையாது, துணி காய்வதற்கு அடுப்புமேல் கொடி கட்டியிருப்போம், எல்லாவற்றிலும் புகை நாற்றம்.

அவர் வரவேண்டிய நாளில் நல்ல மூடுபனி. சாம்பல் வண்டி பனியில் தெரியுமா? வெள்ளைப் பெட்டி அதைவிட நன்றாகக் கரைந்துவிட்டது. ஜீப் சத்தம் மட்டும் கீழே எங்கோ கேட்கிறது. மாமியார் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுகிறார்கள், யார் வண்டியோ என்கிறார்கள், குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். அப்போது வளைவில் சிவப்பாக ஒரு துண்டு திரும்பியது. வண்டி இல்லை, ஆள் இல்லை. குழாய் மட்டும் தானாக நடந்து வருகிறது.

"அத்தை, உங்க பொட்டு வருதுங்க" என்றேன்.

யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அதுதான் முதல். மாமியார் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஒலையில அரிசி போடு கண்ணு. உனக்குஞ் சேத்துப் போடு" என்றார்கள்.

போட்டேன். ஒரு பிடி கூடவே போட்டு, அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது அவர் வாசலில் வந்து, அழுகிறாயா என்று கேட்டார். புகையா அழுகையா என்று எனக்கே அப்போது... பைப்பில் வெள்ளம் வந்துவிட்டது போலிருக்கிறது, சத்தம் கேட்கிறது. உங்கள் குடத்தையும் கொடுங்கள் அம்முணி, நின்றுவிடப் போகிறது.