போர்டில் எழுதிப் போட்ட சொந்தக் கருத்து

மிஸ், நீங்கள் எங்களைச் சிந்திக்கவே விடவில்லை. பெற்றோர் பார்வையிடும் நாள் என்பதால் இன்று என் மகளின் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பாடத்தை நடத்திவிட்டு, அதைப் பற்றிய கட்டுரையின் தலைப்பை மட்டும் போர்டில் எழுதினார். சாக்பீஸ் கிறீச்சிட்டதும் விவேக் நகரில் உங்களிடம் நான் படித்த ஏழாம் வகுப்பு கண்முன் வந்துவிட்டது.

அன்று மழையைப் புகழும் பாடத்தைப் படித்துவிட்டுச் சொந்தக் கருத்து எழுத வேண்டும். அதையும் நீங்களே போர்டில் எழுதிப் போட்டீர்கள்: "எனக்கு மழை மிகவும் பிடிக்கும்." வகுப்பே அதைப் பார்த்து எழுதியது. நான் மட்டும், மழை வந்தால் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்து நாறும், அம்மா கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துச் சமைப்பாள், எனக்குப் பிடிக்காது என்று எழுதினேன். முட்டை போட்டு அப்பாவைக் கூப்பிட்டீர்கள்.

அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்தார்.

"இதுல எது பொய் மிஸ்?"

"போர்டுல இருக்கறதத்தான் எழுதணும்."

"அது உங்க கருத்தாச்சே. மார்க்க நீங்களே போட்டுக்கோங்க!"

வகுப்பே சிரித்தது. அன்று ஆட்டோவில் ராணி மாதிரி வீட்டுக்குப் போனேன்.

இன்று என் மகள் எழுந்து, "இந்தப் பாடம் செம போர் மிஸ்" என்று சொல்லிக் காரணமும் சொன்னாள். டீச்சர் முழு மார்க் போட்டார்.

இந்தப் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களும் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் என்ன தப்பு? எல்லோரும் பார்க்க இங்கேயே பதில் எழுதுங்கள்.