ஒரு பூச்சி கிடையாது சார்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அப்பா சொல்வதை அத்தையிடமும், அத்தை சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இருவரும் இருந்தது ஒரே வீட்டில்தான். சாயங்காலமானால் ஒரே டி.வி.க்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். "உங்க அத்தைய சவுண்டு கம்மி பண்ணச் சொல்லு" என்பார் அப்பா. கையில் ரிமோட்டோடு இருக்கும் அத்தையிடம் திரும்பி அதை அப்படியே சொல்வேன். "உங்க அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்லு" என்பாள் அத்தை. அதையும் சொல்வேன். அம்மா இந்த வேலையை முதல் நாளே உதறிவிட்டாள். "நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள், பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தாள். எங்கள் ஊர் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். வருஷத்துக்கு நாலு முறை, பருவத்துக்கு ஒரு முறையாக, அத்தையோடு ஒரு கூட்டம் சேர்ந்து ஏதாவது ஒரு ஏரிக்கரையிலோ ஓடைக்கரையிலோ நடக்கும். நம்மூர்ச் செடிகளையும் அவற்றைத் தேடி வரும் தேனீ, வண்டு, பட்டாம்பூச்சிகளையும் பார்ப்பார்கள். நடந்து முடித்ததும் மரத்தடியில் பயிற்சி நடக்கும். எந்தப் பூச்சி வந்தால் எந்தப் பூ காயாகும் என்று அத்தை சொல்ல, பெரியவர்களெல்லாம் பிள்ளைகள் மாதிரி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். திருவாமாத்தூருக்கும் கோலியனூருக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு வழியில் கிடைக்கும் பரோட்டாதான் முக்கியம்.

சண்டை மூண்டதும் இந்த நடையால்தான். அத்தையைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "ஞாயித்துக்கெழம ஆனா செடி கொடின்னு சுத்திக்கினு இருக்கறதெல்லாம் இனிமே வுட்டுடணும்" என்றார். அத்தை காபித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "அப்ப வேணாங்க" என்றாள். அவ்வளவுதான். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அப்பா வேன் வரைக்கும் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு மூடிய வாய், எட்டு மாதம் தங்கையிடம் திறக்கவில்லை. தாத்தா போன பிறகு அத்தையைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். அதனால் அவருடைய கோபமும் பெரிதாக இருந்தது. "பூவப் பாக்கறதுக்கு பஸ் ஏறிப் போவணுமா?" என்று கதவைப் பார்த்துக் கேட்பார். கதவு எப்படிப் பதில் சொல்லும்?

எட்டு மாதத்தில் நான் இந்த வேலையில் தேறிவிட்டேன். யார் என்ன சொன்னாலும் அப்படியே கொண்டுபோகக் கூடாது என்று கண்டுபிடித்திருந்தேன். அத்தை சொல்வதில் உறைப்பு இருந்தால் எடுத்துவிடுவேன். அப்பா "எக்கேடோ கெட்டுப் போவட்டும்" என்றால், "சரின்னு சொன்னாரு" என்று சொல்வேன். வீட்டில் தட்டுகள் உடையாமல் இருந்ததற்கு நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்த வருஷம் மழை நின்று மார்கழி பிறந்ததும், நடை எங்கள் ஊர் ஏரிக்கரையில் என்று முடிவாயிற்று. இடத்தைச் சொன்னவள் அத்தை. மழைக்குப் பிறகு கரையில் கால் வைக்க முடியாது. தும்பை, ஆவாரம், எருக்கு, தேள்கொடுக்கு, மஞ்சள் மஞ்சளாகக் கிலுகிலுப்பை என்று இடுப்பளவு நிற்கும். காலையில் நின்றால் தேனீக்களின் சத்தம் காதை அடைக்கும். அத்தை ஒரு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை, விழுப்புரத்தில் நாலு நாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உங்க அப்பாகிட்ட சொல்லு. ஞாயித்துக்கெழம நாப்பது பேரு வர்றாங்க. நானும் அவங்களோட வேன்லயே வந்துடுவேன். அதுவரைக்கும் ஏரிக்கரையில யாரும் ஒரு செடியத் தொடக் கூடாது. கண்டிப்பா சொல்லு."

அப்பா மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். நான் வழக்கம்போல யோசித்தேன். 'தொடக் கூடாது', 'கண்டிப்பா' இரண்டும் உறைப்பு. அப்பாவுக்கு யாராவது உத்தரவு போட்டால் பிடிக்காது. எடுத்துவிட்டேன். "ஞாயித்துக்கெழம நம்ம ஏரிக்கரைக்கு நாப்பது பேரு வர்றாங்களாம்பா. அத்தை சொல்லச் சொன்னாங்க."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டார். "என்கிட்டயா?" என்று மறுபடி கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகவேகமாக நடந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிறேன், ஏரிக்கரையில் நாலு பெண்கள் அரிவாளோடு குனிந்திருக்கிறார்கள். பாதிக் கரை மொட்டை. அப்பா மண்வெட்டியால் மேடு பள்ளத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார். "அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"டவுன்ல இருந்து பொம்பளைங்க, கொழந்தைங்க வர்றாங்க. பாம்பு கீம்பு இருந்தா இன்னா பண்றது? நம்ம வூட்டுப் பொண்ணுக்குத்தானே அசிங்கம்?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எட்டு மாதமாக நான் கேட்காத குரல். "உங்க அத்தைகிட்ட மூச்சு வுடாத. வந்து பாக்கட்டும்."

நான் மூச்சு விடவில்லை. அம்மாவின் போன் பரண் மேலேயா இருந்தது? கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கத்தான் தைரியம் வரவில்லை. மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்றாள் அம்மா.

ஞாயிறு காலை. கரையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. திண்டிவனத்து நர்சரியிலிருந்து எடுத்துவந்த குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நின்றன. கல்யாண மண்டபத்தில் கேட்டு வாங்கிய பன்னீர்ச் செம்போடு அப்பா, பட்டு வேட்டியில். சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டோடு அம்மா, முறைத்தபடி. நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால்.

இரண்டு வேன்கள் வந்தன. அத்தை முதல் ஆளாகச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். கரையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்து என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

புதுச்சேரியிலிருந்து வந்த கேமராக்காரர் ஒருவர் பின்னாலேயே இறங்கி, "மேடம், இந்த ஏரிதானா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

அப்பா அவர்மேல் பன்னீர் தெளித்தார். "இதே ஏரிதாங்க. சுத்தமா கிளீன் பண்ணிட்டோம். தைரியமா நடங்க. ஒரு பூச்சி கிடையாது சார்!"

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அத்தையின் கண் கலங்கிவிட்டது. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்கு உயிரே போயிற்று. அப்பாவின் பட்டு வேட்டியை, பன்னீர்ச் செம்பை, அம்மா கையிலிருந்த தட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சந்தனத்தை எடுத்துக் கழுத்தில் பூசிக்கொண்டாள்.

"பாப்பா, வெட்டினதை எங்க போட்டாருன்னு உங்க அப்பாவக் கேளு."

கேட்டேன். "மதகாண்ட குமிச்சி வச்சிருக்குன்னு சொல்லு. கொளுத்தலாம்னு பாத்தேன், ஈரம் காயல" என்றார் அப்பா.

அத்தை மதகை நோக்கி நடந்தாள், நடக்கவில்லை, ஓடினாள். நாற்பது பேரும் பின்னால் போனார்கள். அங்கே ஆள் உயரத்துக்குச் செடிக் குவியல். மூன்று நாள் வெயிலில் வாடியிருந்தது. அதன்மேல் கறுப்பு இறக்கையில் வெளிர்நீலப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சிகள். பத்தோ இருபதோ இல்லை. குவியலே தெரியாத அளவுக்கு மொய்த்துக்கொண்டிருந்தன. அத்தை கிட்டே போனதும் மொத்தமும் எழும்பி, எங்கள் முகத்தில் இறக்கை பட, மறுபடி உட்கார்ந்தன. அம்மா தட்டோடு "அய்யோ!" என்று கத்தினாள். கல்கண்டு பாதி கொட்டிவிட்டது.

அத்தை குரலைச் சரிசெய்துகொண்டு பாடத்தை ஆரம்பித்தாள். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் வாடினால்தான் இவை இப்படிக் கூடும். வருவது பெரும்பாலும் ஆண் பூச்சி. வாடிய தண்டின் சாற்றைக் குடித்தால்தான் அதற்கு வாசனை வரும். வாசனை இல்லாவிட்டால் பெண் பூச்சி திரும்பிக்கூடப் பார்க்காது. "மாப்பிள்ளைக்கும் ஒரு தகுதி வேணும் இல்லீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் வானத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் தேனீக்கள் அன்றைக்கு வரவில்லை. பூவே இல்லாத கரைக்கு அவை எதற்கு வரும்? பயிற்சியின்போது அத்தை அதையும் மறைக்காமல்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. எல்லோரும் டீ குடிக்கப் போனதும், அவர் அத்தையின் எதிரில் வந்து நின்றார். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். என் இடம் அது.

"நான் வெட்டியிருக்கக் கூடாது, இல்லம்மா?" என்றார் அப்பா. என்னிடம் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே சொன்னார்.

அத்தை மொட்டைக் கரையை ஒருமுறை பார்த்தாள். "வரும்ணா. அடுத்த மழைக்கு எல்லாம் தானா வரும்."

"தொடாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பனா?"

செத்தேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொல்லியிருக்கணும்ணா" என்றாள் அத்தை. குரல் உடைந்துவிட்டது. "நானே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில் ஏறுது. ஜல்தி வந்து டீயக் குடி" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். அத்தை பின்னால் போனாள்.

என்னை அடியிலிருந்து காப்பாற்ற அத்தை எவ்வளவு பெரிய பொய் சொல்லிவிட்டாள் என்று அன்றைக்கு நெகிழ்ந்து போனேன். அவளுக்கு என் பரோட்டாவில் பாதியைக் கொடுத்துவிடுவது என்றுகூட முடிவு செய்தேன். அது பொய்யே இல்லை என்று தெரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வழக்கம்போல டி.வி.க்கு முன்னால், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் சவுண்டு வையும்மா" என்றார் அப்பா. நான் அத்தை பக்கம் திரும்புவதற்குள் அவள் வைத்துவிட்டாள். நானும் வெகுநேரம் காத்திருந்து பார்த்தேன். யாருக்கும் என்னிடம் சொல்லியனுப்ப ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.