மாவடை மரவடை

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் சேர்ந்துகொண்டது, காலையில் கழற்றி வைத்த கண்ணாடியைச் சாயங்காலம் வரை தேடுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீருக்கு மேலே சிவப்புச் சரம் சரமாகத் தொங்கிய நீர்க்கடம்பு மட்டும் மறக்கவில்லை. இரவில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலையில் போனால் தேங்கிய தண்ணீர் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும். அது என் அத்தையின் மரம்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே தாலியறுத்துத் திரும்பி வந்தவள். பாகம் பிரித்தபோது வயலெல்லாம் அப்பாவுக்குப் போயிற்று. தென்காசிக்கு மேற்கே சிற்றாறு வளைகிற இடத்தில் ஒரு படுகைத் துண்டு அத்தைக்கு. அங்கே உழ முடியாது. குற்றாலத்தில் அருவி பெருகினால் ஆளுயரத் தண்ணீர் நிற்கும். பொம்பளைக்கு இது போதும் என்று கொடுத்த இடம்.

அத்தை அதை வைத்தே பிழைத்தாள். கரையோரம் நீர்மருது வரிசையாக நிற்கும். வெளுத்த பட்டை, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். வேரெல்லாம் கரையைக் கவ்விக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். உள்ளே புங்கும் நாவலும், ஈரம் வற்றாத பள்ளத்தில் நீர்க்கடம்பும், எல்லையில் தாழம்புதரும். வெள்ளம் மரங்களுக்குள் நுழைந்ததும் வேகம் அடங்கி, வண்டலை இறக்கிவிட்டுப் போகும். என் தலைக்கு மேலே கிளைகளில் வைக்கோலும் சருகும் சிக்கிக் காயும். அந்த வண்டலில் அத்தை சேம்பு போடுவாள். தாழம்பூ விற்பாள். நாற்று நடுகிற காலத்தில் வயலுக்கு மிதித்துவிடப் புங்கந்தழை கொடுப்பாள். வெள்ளத்துக்குப் பயமில்லையா என்று கேட்டால், "அது சோறு போட வருதுட்டி, உங்கப்பன மாதிரியா?" என்பாள்.

அப்பா ஒரு நாள் பத்திரத்தோடு வந்தார். அறுபதாம் வருஷத்துக்குச் சற்று முன்போ பின்போ. எனக்குப் பத்து வயதிருக்கும்.

"என் வயலுக்குத் தழை வெட்டிக்கிடுததுக்கு ஒரு எழுத்து, அக்கா. நாளைக்கு எவனும் கேக்கக் கூடாதுல்லா."

"தழைக்கு எதுக்குலே இம்புட்டுப் பெரிய தாளு?" என்றாள் அத்தை. "நீ வாசிச்சா நீ நெனைக்கதுதான் அதுல இருக்கும். பிள்ளை வாசிக்கட்டும்."

என்னை நிற்கவைத்தார்கள். கூச்சம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான்கெல்லையும் பாத்தியமுமாக என்னென்னவோ வந்தது. எனக்கும் புரியவில்லை, கேட்டவளுக்கும் புரியவில்லை. 'மாவடை மரவடை உள்பட' என்ற இடத்தில் அத்தை கையை நீட்டி நிறுத்தினாள்.

"அப்படின்னா என்னட்டி?"

எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தெரியாது என்று எப்படிச் சொல்வது? "மாமரம் அத்தை. மாமரத்தச் சொல்லுது" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டாள். "ஏலே, இந்தப் படுகையில மாமரத்த எங்கன கண்ட? இருந்தா எடுத்துக்கோ, காயும் சேத்து."

அப்பா அங்கேயேதான் நின்றார். அவரும் லேசாகச் சிரித்தார். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டார்.

மறுநாள் பத்திர ஆபீசில் "வாசிச்சுக் கேட்டீங்களாம்மா?" என்று கேட்டதற்கு, "என் மருமக வாசிச்சுச் சொல்லிட்டா" என்று அத்தை கைநாட்டு வைத்தாள். திரும்புகிற வழியில் எனக்குப் பொரிகடலை வாங்கித் தந்தாள்.

மாவடை மரவடை என்றால் நிலத்தில் நிற்கிற மரம் செடி அத்தனையும் என்பது, ரம்பத்தோடு ஆட்கள் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா மர அறுவை ஆலைக்கு விற்றிருந்தார். அத்தை முதல் மருதுக்குக் குறுக்கே போய் நின்றாள். வந்தவர்களில் ஒருவர் பத்திரத்தை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். அத்தை தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வாசிக்கத் தெரிஞ்சவள்னு நெனச்சேன்ட்டி" என்றாள். பிறகு விலகிக்கொண்டாள்.

ஐப்பசி மழைக்கு ஆறு நேராக உள்ளே வந்தது. இருந்த வண்டலையும் அரித்துக்கொண்டு மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. சேம்பு முளைக்கவில்லை. அத்தை ஆய்க்குடியில் ஒரு வீட்டுக்கு நெல் அவிக்கப் போனாள். சாகிறவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா, "இவ தப்பாச் சொன்னதுல வந்த வினை" என்பார், வந்தவர்கள் முன்னாலேயே. நானும் தலையைக் குனிந்துகொள்வேன். எத்தனையோ வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அதுகள் வாய்க்கு வந்ததைச் சொல்லி நான் திருத்துகிற காலத்தில்தான், அந்தத் தாளை எழுதச் சொன்னவர் பக்கத்தில் நின்றார் என்பது உறைத்தது.

இப்போது அங்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆற்றுக்குச் சிமெண்டில் ஒரு சுவர், அதிலும் பாதி சரிந்துவிட்டது.

நாங்கள் நீர்க்கடம்பு என்று சொன்ன மரத்துக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கலாம். வருஷக் கணக்கும், நாவல் நின்ற இடமும் பிசகியிருக்கும். அந்தப் பக்கத்து மனிதர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொடுத்தால் நல்லது. அப்பா சிரித்ததை மட்டும் திருத்த வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.