உருளைக்குள் எலுமிச்சை போடாத எத்திராஜ்

எத்திராஜ் முதல் கரும்பை நுழைக்கும் முன் உருளைகளின் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, வழிவதைக் குனிந்து பார்க்கிறார். பழுப்பாக வந்தால் இன்னொரு செம்பு. தெளிந்த பிறகுதான் அடியில் ஜக்கு வைப்பார். காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகும் சாலையில், பேருந்து திரும்பும் இடத்தில் அவருடைய கரும்புச்சாறு வண்டி. வேட்டியை மடித்துக் கட்டி, கரும்போடு பேசிக்கொண்டே அரைப்பார். "வா ராஜா, இன்னோரு தபா உள்ள போய்க்கினு வா."

மற்ற வண்டிகளில் கரும்பை மடித்து, நடுவே எலுமிச்சையை வைத்து நசுக்குவார்கள். அவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். போன மழைக்காலத்தில், வியாபாரம் இல்லாத ஒரு நாள், வார்ப்பிரும்பு உருளை தேய்ந்துவிட்டதென்று கழற்றிச் சித்தூர் லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனார். பட்டறைக்கார முரளி அதைத் திருப்பிக் காட்டினான். எலுமிச்சை விழும் நடுப்பாகம் மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தது.

"இது தேஞ்சது இல்லண்ணா. புளிப்பு துன்னுடுச்சி."

"துன்ன இரும்பு எங்க போச்சு?"

முரளி சிரித்தான். "ஜூஸ்லதான்."

எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைந்து வாங்கிய உருளை பேருந்தில் காலிடுக்கில் பளபளத்தது. அவர் நினைப்பெல்லாம் காணாமல் போன இரும்பின் மேலேயே இருந்தது.

"இத்தினி வருசமா ஜனங்க இரும்பக் குடிச்சிக்கினு இருந்திருக்குது," என்றார் மனைவி செங்கம்மாவிடம்.

"நம்ம பையன் யஸ்வந்தும் அதக் குடிச்சிதான் வளந்தான். இன்னா ஆயிட்டான்?"

கெடுதலா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் மறுநாளிலிருந்து எலுமிச்சையை டம்ளரில் தனியாகப் பிழிந்தார். நேரம் பிடித்தது. அவசரக்காரர்கள் அடுத்த வண்டிக்குப் போனார்கள்.

விநாயகர் சதுர்த்தியன்று கூட்டம் நெருக்கியது. அவர் கரும்பு எடுக்கத் திரும்பிய வேளையில் உதவிக்கு வந்திருந்த செங்கம்மா எலுமிச்சைப் பழங்களை உருளைக்குள் தள்ளிவிட்டாள். ஜக்கு நிறைந்துவிட்டது. எத்திராஜ் மிஷினை நிறுத்தினார். ஜக்கைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"ஜனம் நிக்குதே, பாவி மனுசா!"

வரிசையில் பாதி கலைந்தது. அவர் உருளைகளைக் கழுவி, மீண்டும் அரைத்து, டம்ளர்களை நிரப்பினார். கரும்பு சீவிச் சீவி வெடித்திருந்த விரல்களால் ஓர் எலுமிச்சை மூடியைப் பிழிந்தார். சாறு வெடிப்புக்குள் இறங்கியதும் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடுத்த மூடியை எடுத்தார்.