வாளி கட்டாத கயிறு

என் வலது தோளில் வலி வந்த நாளைச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது. யுத்தம் முடியப்போகிற ஆடி மாதம் என்று மட்டும் நினைவிருக்கிறது. விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. உறியில் தொங்கிய மோர்ச்சட்டியை எடுக்கக் கையை உயர்த்தினேன். பாதி வழியில் நின்றுகொண்டு, இனி வரமாட்டேன் என்றது கை. ஒரு மாதத்தில் தலைவாரக் கூட எட்டவில்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கும்.

அன்னவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஐம்பது வீடு இருக்கும். ஐம்பது வீட்டுக்கும் வைத்தியம் தெரியும். ஒருத்தி நொச்சி இலையோடு வந்தாள், இன்னொருத்தி வேப்பெண்ணெயோடு வந்தாள். கட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பத்துப் போட்டு, கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். "எலும்பு முறியலையே ஐயா" என்றேன். "முறியலைன்னா நல்லதுதானே, இனிமேலும் முறியாது" என்றார்.

வைத்தியர் சொன்ன கெடு முடிந்தும் என் வீட்டுக்காரர் கட்டை அவிழ்க்க விடவில்லை. எல்லாம் பிரியம்தான். "ஆடாம அசையாம இரு புள்ள, தானா வரும்" என்று சொல்லிச் சொல்லியே ஆவணியிலிருந்து மார்கழி வரைக்கும் என்னைக் கொலுப்பொம்மையாக உட்கார்த்திவைத்தார். தண்ணீர் இறைப்பதும் அவர்தான், வாசல் தெளிப்பதும் அவர்தான். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். வேட்டி முழுக்க நனைந்திருக்கும்.

கிணற்றடியில் பெண்கள் விடுவார்களா?

"என்ன மச்சான், வைகாசிக்கு முளைப்பாரியும் நீங்கதான் தூக்குறீங்களா?"

"தூக்கிட்டாப் போச்சு. சேலை மட்டும் நீ குடு" என்று இவர் சொல்ல, சிரிப்பு எங்கள் வீட்டு வாசல்வரைக்கும் கேட்டது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் முளைப்பாரி நினைப்பு உறைத்தது.

வைகாசியில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. மண் ஓட்டில் எருவும் மண்ணும் நிரப்பி, நவதானியம் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்போம். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வளர்த்தவள்தான் பாரியைத் தூக்க வேண்டும். தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவதிலிருந்து கண்மாய்த் தண்ணீரில் விடுகிறவரைக்கும் அடுத்தவள் கை அதில் படக் கூடாது. கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து நான் ஒரு வருசமும் விட்டதில்லை. இப்போது கை தோள் உயரத்துக்கே வரவில்லை.

அடுத்த தெருவில் இருந்த என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவர், நல்ல மனசோடுதான் வந்து சொன்னார்: "இந்த வருசம் நான் வளத்து நான் தூக்கிட்டுப் போறேன். நீ பின்னாடியே வந்து குலவை போடு. வாய்க்கு ஒண்ணும் வலி இல்லையே?"

வாய்க்கு வலி இல்லைதான். அந்த வாயாலேயே வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "தைப்பொங்கல் கழிஞ்சதும் நான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வந்தா வாங்க."

வந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம்; கரி அடுப்பு மாட்டிய பஸ் அது. ஏற்றம் வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுவார்கள். இவர் இரண்டு தடவை தள்ளிவிட்டு, "டிக்கெட்டும் வாங்கிக்கிட்டு தள்ளவும் சொல்றான்" என்று முனகிக்கொண்டே ஏறினார்.

ஆஸ்பத்திரியில் மலையாளத்து நர்ஸம்மா ஒருவர் இருந்தார். யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களின் கைகால்களைப் பழக்கி நடமாட வைத்தவர் என்று சொன்னார்கள். என் கட்டை அவிழ்த்து, கையைத் தூக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"யார் இதைக் கட்டி வெச்சது?"

"ஊரே சேந்துதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பூட்டின கதவைத் திறக்காமலே வெச்சா கீலு துரு ஏறும் இல்லையா? இதும் அப்படித்தான். தினமும் மூணு வேளை அசைக்கணும். வலி முனகினா விடாதே, செய். கத்தினா நிறுத்து, ரெண்டு நாள் கொறைச்சுச் செய்."

மூன்று வேலை சொல்லிக்கொடுத்தார். முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, குனிந்து நின்று கையை யானைத் தும்பிக்கைபோலத் தொங்கவிட்டு ஆட்டவேண்டும். இரண்டாவது, சுவர்ப்பக்கம் நின்று விரல்களை எறும்புபோல மேலே ஏற்றி, எட்டிய இடத்தில் கரிக்கோடு போடவேண்டும். மூன்றாவது ராட்டினம். கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் கீழே இழுத்தால் கெட்ட கை தானாக மேலே போகும்.

ராட்டினம் என்றதும் எனக்குத் தெரிந்தது ஊர்க்கிணறு ஒன்றுதான். மறுநாள் காலையிலேயே போய், வாளியை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு வெறுங்கயிற்றை இழுக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் இழுத்தால் வலது கை மேலே போகும். ஐயோ என்று முனகுவேன். விட்டால் இறங்கும், அப்பாடா என்பேன். பின்னால் பத்துக் குடம் வரிசையில் காத்திருந்தது.

"ஏத்தா, வாளி எங்க?"

"வேண்டாம்."

"வாளி இல்லாம எப்புடித் தண்ணி வரும்?"

"எனக்குத் தண்ணி வேண்டாம். கைதான் வரணும்."

அவ்வளவுதான். யார் ஓடினாளோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் நாத்தனார் ஒரு கையில் விபூதியும் ஒரு கையில் வேப்பிலையுமாக வந்துவிட்டார். "யாரு நீ? எந்தப் புளியமரத்துலேருந்து வந்த? சொல்லு!" என்று என் முகத்தில் விபூதியை ஊதினார். தும்மிக்கொண்டே, "மதினி, நான்தான், ஒங்க தம்பி பொண்டாட்டி" என்றேன். "எல்லாப் பேயும் முதல்ல அப்படித்தான் சொல்லும்" என்றார்.

வீட்டுக்காரர் வந்து ஆஸ்பத்திரி விசயத்தைச் சொன்னபிறகும் பாதிப் பேர் நம்பவில்லை. ஆனால் கிணற்றை இப்படிப் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்கு எங்கே போவது என்று காத்திருந்தவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே இவர் பழைய ராட்டினம் ஒன்றைத் தேடிப்பிடித்து, மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கட்டிவிட்டார். பசுமாடுதான் ஆச்சரியமாகப் பார்த்தது. அதன்பிறகு அதுவும் பழகிவிட்டது. நான் ஐயோ என்றால் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, அப்பாடா என்றதும் மறுபடி தொடங்கும்.

முதல் மாதம் சுவரில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன, மேலே போகவே இல்லை. அந்த மாதம்தான் கஷ்டம். இவர் தினமும் கோட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். மாசியில் ஒரு நாள் கோடு அரை விரற்கடை ஏறியிருந்தது. "இந்தா புள்ள, ஏறிருச்சு!" என்று தெருவில் போன ஆளையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கிழவர், "எதுக்குய்யா வீட்டுக்குள்ள கரி கிறுக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். பங்குனியில் நானே பின்னல் போட்டுக்கொண்டேன். கோணலான பின்னல்தான், இருந்தாலும் கோவில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், எல்லோரும் பார்க்கட்டுமே என்று.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஆனால் முன்பு அது எஜமானியாக இருந்தது; அது சொன்னபடி நான் உட்கார்ந்தேன். இப்போது வீட்டில் தங்கிய விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் முனகும், அதுபாட்டுக்கு இருக்கும், எனக்கு என் வேலை.

வைகாசி பிறந்து திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். நானும் விதைத்தேன். "தூக்க முடியாமப் போனா பாரி அப்படியே தரையில கிடக்கும், சாமி குத்தம்" என்று நாத்தனார் எச்சரித்தார். பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயிர் என்னமோ ஒரு முழம் வளர்ந்து வெளிறி அழகாக நின்றது.

பாரி தூக்கும் நாள் சாயங்காலம் சும்மாட்டைத் தலையில் வைத்துக் குனிந்தேன். இரண்டு கையாலும் பிடித்து முழங்காலுக்கு, நெஞ்சுக்கு, அங்கிருந்து தலைக்கு. தோள் முனகியது. கத்தவில்லை. பாரி தலையில் உட்கார்ந்துவிட்டது. குலவைச் சத்தத்தில் முதல் குரல் நாத்தனாருடையது.

கோவிலைச் சுற்றி, ஊரைச் சுற்றி, கண்மாய்க்கரைக்குப் போகிறவரைக்கும் பிடித்த கையை எடுக்கவில்லை. அங்கேதான் தெரிந்தது, நாலு மாதமாகக் கையை மேலே ஏற்றத்தான் பழகியிருக்கிறேன். பாரத்தோடு இறக்கப் பழகவே இல்லை. கை மரத்துப்போய் மேலேயே நின்றுவிட்டது. மற்றவர்களெல்லாம் இறக்கிவிட்டார்கள். நான் மட்டும் நிற்கிறேன்.

நாத்தனார் பதறி ஓடிவந்தார். "குடு ஆத்தா, நான் எறக்குறேன்!"

"தொடாதீங்க மதினி!"

கோடை மழை பெய்து கண்மாயில் நல்ல தண்ணீர். கட்டின சேலையோடு நடந்தேன். இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது, கழுத்தளவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே முங்கினேன். தலையிலிருந்த பாரம் தானாகக் கழன்று போனது, விரல்கள் விட்டன. நான் எழுந்து கண்ணைத் துடைத்தபோது, பாரி கொஞ்சம் சாய்ந்து மிதந்து, பயிரைத் தண்ணீரில் பரப்பிவிட்டு மெதுவாக உள்ளே இறங்கியது. அடுத்தவள் விரல் படவில்லை.

"ஆத்தாடி! பாரியக் கரைக்கச் சொன்னா இவ தன்னையே கரைச்சுட்டு வாரா!" என்றார் நாத்தனார் கரையிலிருந்து. குலவை போட வாயைக் குவித்தவர்கள் எல்லோருக்கும் சிரிப்புதான் வந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இறங்கி வந்த கையை மெல்ல ஆட்டிக்கொண்டு, நானும் சிரித்தேன்.