அப்பா பிடுங்கிய வயர்

இடி இடித்தால் என் அப்பா வீட்டிலுள்ள வயர்களையெல்லாம் பிடுங்கிவிடுவார். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மின்னல் வெட்டினால் வேலையை நிறுத்தி, எல்லாரையும் வெளியே அனுப்புவது அங்கே அவர் பொறுப்பு. இப்போது அனுப்ப ஆளில்லை. அதனால் மிக்ஸி, டிவி, என் செல்போன் சார்ஜர் என்று கையில் அகப்பட்டதைப் பிடுங்குகிறார்.

எனக்கு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் வேலை. தீபாவளி முடிந்து ஆர்டர் குறைந்திருந்த நாட்களில், பொழுதுபோக்காக ஒரு சின்ன ரோபோ செய்துகொண்டிருந்தேன். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேலேயே ஓடும். வளைவில் மட்டும் வழி தவறிவிடும். அதைச் சரிசெய்ய, லேப்டாப்போடு யூஎஸ்பி வயரால் இணைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். மேகம் ஒரே ஒரு தடவை உறுமியது. திரும்பி வந்து பார்த்தால், அப்பா கையில் வயர். வயரின் நுனியில், பல்லைப் பிடுங்கியதுபோல, ரோபோவின் யூஎஸ்பி சாக்கெட்.

“என்னப்பா செஞ்சிருக்கீக?”

“இடி இடிக்குதுல்ல. லேப்டாப்பு போயிருந்தா?”

“அது பேட்டரியில ஓடிட்டிருந்துச்சுப்பா. செவுத்துல சொருகவே இல்ல.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

மறுநாள் பஜாரில் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். “இத்துனூண்டு போர்டுல யாரு உக்காந்து பத்தவைக்கிறதுக்கா? புதுசா வாங்கிக்கோங்க” என்றார் கடைக்காரர். சாக்கெட் மட்டும் போதும் என்று வாங்கிவந்தேன். வைத்துப் பார்த்தால் அளவு பொருந்தவில்லை. மறுபடி பஜார். இந்தத் தடவை உடைந்ததைக் கையோடு கொண்டுபோனேன். முதலிலேயே கொண்டுபோகாத என் புத்தியை வழியெல்லாம் திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுத்ததும் அப்பா எழுந்து நின்றார்.

“வீட்டுக்குள்ள நெருப்பா?”

“நெருப்பு இல்லப்பா, சூடு.”

“சூடுதாம்மா நெருப்பு. முதல்ல இந்த நைலான் துணிய மாத்திட்டு, பருத்தியில ஏதாச்சும் உடுத்திட்டு வா.”

மாற்றிவிட்டு வந்தேன். அதற்குள் கேஸ் சிலிண்டர் கொல்லைக்குப் போயிருந்தது. மேஜையருகே ஈரச் சாக்கு, ஒரு வாளி மணல். வாளிக்குப் பக்கத்தில் அப்பா.

போர்டின் துளைகளில் அடைத்திருந்த பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, புதிய சாக்கெட்டைப் பொருத்தினேன். அதற்கு முடிபோல மெல்லிய உலோகக் கால்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் காலில் அயர்ன் நுனியை வைத்தேன். ஈயம் ஒட்டத் தடவியிருந்த பேஸ்ட் உருகி ஒரு இழை புகை எழுந்தது.

“புகை!”

அடுத்த நொடி போர்டு, அயர்ன், பூதக்கண்ணாடி எல்லாம் மணலுக்கு அடியில் இருந்தன.

மடியிலிருந்து மணல் கொட்டக்கொட்ட அப்பாவைப் பார்த்தேன்.

“நாங்க புகையப் பாத்துட்டு யோசிச்சுக்கிட்டு நிக்க மாட்டோம்மா” என்றார். “நின்னவுக யாரும் இப்ப இல்ல.”

சண்டை போடவும் வழியில்லை, எரிச்சலும் அடங்கவில்லை. அவரைக் கொல்லையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பிரஷ்ஷால் மணலைத் தட்டி, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு கால்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பிரித்தேன். வயரைச் சொருகினேன்; போர்டில் விளக்கு எரிந்தது, ஆனால் லேப்டாப் ரோபோவைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கால் சரியாகப் பிடிக்கவில்லை. மறுபடி சூடு. இதற்கு நடுவே ஜன்னல் வழியாக, “முடிஞ்சுச்சா? அணைச்சுட்டியா?”

கடைசியில் லேப்டாப் ‘டிங்’ என்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது, புகையாகவும் இருக்கலாம்.

திருத்திய புரோகிராமை ஏற்றித் தரையில் விட்டேன். ரோபோ நேராக ஓடி, வளைவிலும் பிசகாமல் திரும்பியது. அப்பா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

“கோட்டு மேல ஓடுறதுக்கா இம்புட்டுப் பாடு?”

“ஆமாப்பா.”

டேப் அவர் நாற்காலிக்கு அடியில் போயிற்று. ரோபோ நெருங்கியதும், இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டார்.